'பவர்' என்னும் கருத்தும் தமிழாக்கமும்: பன்னாட்டு உறவாய்வை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

பன்னாட்டு உறவுகளை ஆராயும் துறையில் 'பவர்' என்னும் ஆங்கிலச் சொல் அடிப்படைக் கலைச்சொல்லாக வழங்குகிறது. ஆயினும் அச்சொல் எதனைக் குறிக்கிறது என்பதில் அத்துறையினரிடையே இன்றுவரை உடன்பாடு இல்லை. அது ஒரு நாடு வைத்திருக்கும் உடைமையா, இரு நாடுகளுக்கிடையே நிகழும் உறவா, எல்லா நாடுகளையும் தன்னுள் அடக்கி நிற்கும் அமைப்பா என்பதே அவர்களிடையே எழும் வினா. தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் பெரும்பாலும் 'அதிகாரம்' என்னும் ஒரே சொல்லைக் கொண்டு இவ்வினாவைக் கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடக்கும்போது, மூலநூலாசிரியர் எதனைப் பற்றி வாதிட்டாரோ அதுவே தமிழ் வாசகருக்குப் புலப்படாமற் போகிறது. அறிஞர்களின் கொள்கை வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களின் தொடரமைப்போடு இணைத்து நோக்கி, எந்தச் சொல் எந்த இடத்திற்குப் பொருந்தும் என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. 'அதிகாரம்' உணர்த்துவது

'அதிகாரம்' என்பது வடமொழி வழிவந்த சொல். பதவி, உரிமை, ஆளுகைக்கு உட்பட்ட எல்லை என்பன அதன் பொருள்கள். இலக்கண மரபில் இச்சொல்லின் பயன்பாடு கருதத்தக்கது. பாணினியின் இலக்கணத்தில் ஒரு தலைப்பு விதி தனக்குப் பின்வரும் விதிகள்மீது குறித்த எல்லைவரை செல்லுபடியாவதை இச்சொல் குறிக்கிறது. தொல்காப்பியத்தின் மூன்று பகுதிகளும் இச்சொல்லாலேயே பெயர் பெற்றுள்ளன. திருக்குறளில் இயலின் உட்பிரிவுக்கு இதுவே பெயர். வரையறுத்த எல்லைக்குள் செல்லுபடியாகும் தகுதி என்னும் கருத்து இவற்றின் அடியில் உள்ளது. 'அதிகாரி', 'அதிகாரபூர்வம்' ஆகிய சொற்களிலும் இக்கருத்தே தொடர்கிறது. அதிகாரத்தை வழங்கலாம், பகிரலாம், பறிக்கலாம், மீறலாம். வழங்குவதற்கு மேலே ஒருவரோ ஒரு சட்டமோ இருத்தல் வேண்டும்.

பன்னாட்டு உறவுத் துறையின் பெரும்பகுதி இதற்கு நேர்மாறான கருத்திலிருந்தே தொடங்குகிறது. உள்நாட்டில் குடிமக்களுக்கு மேலே அரசு உண்டு. நாடுகளுக்கு மேலே அத்தகைய பொது அரசு இல்லை. கென்னத் வால்ட்ஸ் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் கோட்பாடு முழுவதும் இந்த இன்மையின் மேலேயே கட்டப்பட்டுள்ளது. அதிகாரம் இல்லாத வெளியில் நாடுகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை விளக்கும் நூலில் பக்கந்தோறும் 'அதிகாரம்' என்று பெயர்த்தால், நூலின் முதற்கோள் மொழிபெயர்ப்பிலேயே மறுக்கப்பட்டுவிடும். 'அமெரிக்க அதிகாரம்' என்று எழுதுமிடத்து, எழுதுவோர் கருதாமலேயே அந்நாட்டுக்கு ஓர் உரிமை ஒப்புக்கொள்ளப்படுகிறது.

இச்சொல் முற்றிலும் பொருந்தும் இடங்களும் உண்டு. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தின் ஐந்து நிலையான உறுப்பினர்க்கும் 1945ஆம் ஆண்டுப் பட்டயத்தின் 27ஆம் உறுப்பால் கிடைத்த தடுப்புரிமையை 'வீட்டோ அதிகாரம்' என்பது சரியே. அது சட்டம் வழங்கியது. இலங்கைத் தமிழ் வழக்கில் இவ்வேறுபாடு ஏற்கெனவே பேணப்பட்டுவருகிறது. ஆட்சியுரிமையைப் பகிர்வது அங்கே 'அதிகாரப் பகிர்வு'. நாடுகளுக்கிடையிலான நிறைநிலையோ 'வலுச் சமநிலை'. தமிழ்நாட்டு நூல்களில் இரண்டிற்கும் 'அதிகாரம்' வழங்குவது இதனோடு ஒப்பிட்டு எண்ணத்தக்கது.

3. உடைமை என்னும் கொள்கை

1939ஆம் ஆண்டு ஈ. எச். கார் தம் நூலில் அரசியல் வலிமையைப் படைவலிமை, பொருளாதார வலிமை, மக்கள் கருத்தின்மேல் செலுத்தும் செல்வாக்கு என மூவகைப்படுத்தினார். இம்மூன்றும் ஆராய்ச்சிக்காகப் பிரிக்கப்பட்டவையே தவிர, நடைமுறையில் பிரிக்க இயலாதவை என்றும் வற்புறுத்தினார். 1948ஆம் ஆண்டு வெளிவந்த ஹான்ஸ் மார்கெந்தோவின் 'நாடுகளுக்கிடையே அரசியல்' என்னும் நூல் இக்கொள்கையைப் பாடநூல் நிலைக்கு உயர்த்தியது. நிலவியல், இயற்கை வளம், தொழில்திறன், படை ஆயத்தம், மக்கள்தொகை, தேசியக் குணவியல்பு, மன உறுதி, இராசதந்திரத்தின் தரம் முதலியவற்றை அவர் ஒரு நாட்டின் வலிமைக் கூறுகளாக அடுக்குகிறார்.

மார்கெந்தோவின் குறை இங்கே வெளிப்படுகிறது. வரையறை கூறும் இடத்தில் அவர், பிற மனிதரின் மனத்தையும் செயலையும் ஒருவர் கட்டுப்படுத்துவதே 'பவர்' என்கிறார். இது உறவு. பட்டியல் தரும் இடத்தில் அவர் எண்ணுவனவோ உடைமைகள். நிலக்கரியும் இரும்பும் தாமாக எவர் மனத்தையும் கட்டுப்படுத்துவதில்லை. ஓரிடத்தில் வழியாகவும் ஓரிடத்தில் இலக்காகவும் அதே சொல் நிற்பதால் இவ்விடைவெளி ஆங்கிலத்தில் எளிதாக மறைந்துவிடுகிறது.

வியட்நாம் போர் இவ்விடைவெளியைக் காட்டியது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் வட வியட்நாமைவிட அமெரிக்கா பன்மடங்கு மிகுந்திருந்தது. ஆயினும் 1973ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையுடன் அதன் படைகள் விலகின. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. 1979ஆம் ஆண்டு டேவிட் பால்ட்வின் இதனை எடுத்துக்கொண்டு, யார்மீது, எந்தச் செயற்பாட்டில் என்னும் வினாக்களைச் சேர்க்காமல் ஒரு நாட்டின் வலிமையைப் பேசுவதே பிழை என்று காட்டினார். சீட்டாட்டத்தில் எந்த ஆட்டம் என்று அறியாமல் கையிலுள்ள சீட்டு நல்லதா என்று மதிப்பிட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

பழைய நூல்கள் இதனை அறியாதவையல்ல. அர்த்தசாத்திரத்தின் ஆறாம் அதிகரணம் அறிவால் அமைவது, கருவூலத்தாலும் படையாலும் அமைவது, ஊக்கத்தால் அமைவது எனச் சக்தியை மூன்றாக வகுக்கிறது. அறிவால் அமையும் மந்திரசக்தியையே கௌடில்யர் மேலானதாகக் கருதுகிறார். திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல், மேற்கொள்ளும் செயலின் வலிமையையும், தன் வலிமையையும், பகைவன் வலிமையையும், துணையாவார் வலிமையையும் ஒருங்கே எடைபோடச் சொல்லித் தொடங்குகிறது. ஒருவனிடம் உள்ளதை மட்டும் எண்ணுவது வலியறிதல் ஆகாது என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது.

4. ஐரோப்பிய மொழிகள் காட்டும் முன்மாதிரி

ஆங்கிலம் ஒரு சொல்லில் அடைப்பதைப் பிற ஐரோப்பிய மொழிகள் பிரித்து வழங்குகின்றன. மாக்ஸ் வேபர் ஜெர்மானியத்தில் 'மாக்ட்', 'ஹெர்ஷாஃப்ட்' என்னும் இரு சொற்களை வேறுபடுத்தினார். எதிர்ப்பு இருந்தபோதும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு முன்னது. இட்ட கட்டளைக்குக் குறிப்பிட்ட மக்கள் கீழ்ப்படியும் வாய்ப்பு பின்னது. பின்னதை ஆங்கிலத்தில் பெயர்த்தோர் ஒத்துப்போகவில்லை. ஏற்புடைய ஆணையுரிமை என்னும் பக்கத்தை அழுத்தியோரும், ஆதிக்கம் என்னும் பக்கத்தை அழுத்தியோரும் உளர். இரு மொழிபெயர்ப்புகள் இருவேறு வேபர்களை ஆங்கில உலகுக்கு அளித்தன என்றால் மிகையாகாது.

பிரெஞ்சு அறிஞர் ரேமோன் ஆரோன் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட 'நாடுகளுக்கிடையே அமைதியும் போரும்' என்னும் நூலில், ஒரு நாட்டிடம் உள்ள வளங்களையும் படைக்கலங்களையும் குறிக்க ஒரு சொல்லும், தன் விருப்பத்தைப் பிற நாடுகள்மேல் சுமத்தும் இயலுமையைக் குறிக்க 'புய்சான்ஸ்' என்னும் சொல்லும், உள்நாட்டு ஆட்சியுரிமைக்குப் 'புவ்வார்' என்னும் சொல்லும் ஆண்டார். ஆங்கில, பிரெஞ்சு, ஜெர்மானியச் சொற்கள் மூன்றையும் ஒப்பிட்டு 1964ஆம் ஆண்டு தனிக் கட்டுரையும் எழுதினார். தமிழில் இம்மூன்றிற்கும் முறையே வலு, வல்லமை, அதிகாரம் என்பன பொருந்தும். தனிச்சொற்கள் கிடைக்கும் மொழியிலிருந்து ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்குப் பெயர்க்கும்போது இவ்வேறுபாடு இடையில் தொலைகிறது.

5. உறவு என்னும் கொள்கை

'ஆ' தானாகச் செய்யாத ஒன்றை 'அ' அதனைச் செய்யவைக்குமாயின், அந்த அளவுக்கு 'ஆ'வின்மீது 'அ'வுக்குப் 'பவர்' உண்டு என்று 1957ஆம் ஆண்டு ராபர்ட் டால் வரையறுத்தார். 1962இல் பக்ராக், பராட்ஸ் ஆகிய இருவர் இதன் மறுபக்கத்தைக் காட்டினர். ஒரு சிக்கல் விவாதத்திற்கே வராமல் தடுப்பதும் அதன் செயற்பாடே என்றனர். 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் மூன்றாம் நிலையைச் சேர்த்தார். பிறர் எதை விரும்புவர் என்பதையே வடிவமைத்துவிட்டால் மோதலே எழாது. மிக ஆழமான நிலை அதுவே என்பது அவர் கருத்து. இவை உள்நாட்டு அரசியல் ஆய்வில் தோன்றிப் பின்னர் பன்னாட்டு ஆய்வுக்குச் சென்றவை.

தமிழ்ப் பெயர்ச்சொற்களின் தொடரமைப்பை இங்கு நோக்கவேண்டும். 'அதிகாரம்', 'செல்வாக்கு', 'ஆதிக்கம்' ஆகியவை 'மீது' அல்லது 'மேல்' என்னும் உருபை ஏற்று, 'செலுத்து' என்னும் வினையோடு முடிகின்றன. 'வலிமை', 'வலு' ஆகியவை அவ்வாறு இயல்பாக வருவதில்லை. 'அந்நாட்டுக்கு வலிமை உண்டு' என்பது வழக்கு. 'அண்டை நாட்டின்மேல் வலிமை உண்டு' என்பது வழக்கன்று. 'ஆற்றல்', 'வல்லமை' இரண்டும் பெயரெச்சத்தைத் தழுவுகின்றன. செய்யும் ஆற்றல், தடுக்கும் வல்லமை என்பன எடுத்துக்காட்டுகள். உடைமைக் கொள்கையாளர்க்கு 'வலிமை' இசைவதும், டாலுக்கு அது இசையாததும் தற்செயலன்று. ஒவ்வொரு சொல்லும் தன் தொடரமைப்பிலேயே ஒரு கொள்கையைச் சுமந்துநிற்கிறது.

இதைவிடப் பயன்தருவது தமிழின் துணைவினை அமைப்பு. டால் கூறியது 'செய்யவைத்தல்'. பக்ராக், பராட்ஸ் கூறியது 'பேசவிடாமை'. லூக்ஸ் கூறியது 'விரும்பவைத்தல்'. 'வை', 'விடு' என்னும் துணைவினைகள் இரண்டைக் கொண்டே மூன்று கொள்கைகளின் வேறுபாட்டையும் தெளிவாகக் கூறிவிடலாம். செய்யவைக்கும் வல்லமை, பேசவிடாத வல்லமை, விரும்பவைக்கும் வல்லமை என அமைப்பின் வாதத்தின் படிநிலை தமிழிலேயே விளங்கும். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்லையே தேடும் கலைச்சொல்லாக்க வழக்கம் இவ்வளத்தைப் பயன்படுத்தத் தவறுகிறது.

6. அமைப்பு என்னும் கொள்கை

1988ஆம் ஆண்டு சூசன் ஸ்ட்ரேஞ்ச், உறவுநிலை வல்லமைக்கு அப்பால் அமைப்புநிலை வல்லமை ஒன்று உண்டு என்றார். பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு ஆகிய நான்கு தளங்களில் பிறர் எந்த விதிகளுக்குள் இயங்கவேண்டும் என்பதை முடிவுசெய்யும் நிலை அது.

1956ஆம் ஆண்டு சூயெஸ் நெருக்கடி இதற்குத் தக்க சான்று. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தின்மீது படையெடுத்தன. களத்தில் அவை பின்னடையவில்லை. ஆனால் பவுண்டின் மதிப்பு நெருக்கடிக்குள்ளாயிற்று, பன்னாட்டு நிதியத்தின் உதவிக்கு அமெரிக்காவின் இசைவு வேண்டியிருந்தது, அது கிட்டவில்லை. நவம்பர் 6ஆம் நாள் பிரிட்டன் போர்நிறுத்தத்தை ஏற்றது. அமெரிக்கா ஒரு குண்டும் வீசவில்லை. 2022ஆம் ஆண்டு உக்ரைன் படையெடுப்பை அடுத்து ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 300 பில்லியன் டாலர் பெறுமான இருப்புகள் முடக்கப்பட்டதும் இவ்வகைப்பட்டதே. எனினும் அம்முடக்கம் போரை நிறுத்தவில்லை. அமைப்பைக் கையில் வைத்திருப்பதும், அதனால் விரும்பிய விளைவைப் பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கும் அதுவே சான்றாகிறது. பால்ட்வினின் வினா இங்கும் தொடர்கிறது.

2005ஆம் ஆண்டு பார்னெட், டுவால் இருவரும் மேலும் ஒரு படி சென்றனர். கட்டாயப்படுத்துவது, நிறுவனங்கள் வழிச் செயற்படுவது, அமைப்புநிலையிலானது ஆகியவற்றோடு, நாடுகளுக்குப் பெயரும் தகுதியும் படைத்தளிப்பதையும் நான்காவதாகச் சேர்த்தனர். இது மொழிபெயர்ப்பாளரை நேரடியாகத் தொடுவது. 1949 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தம் பதவியேற்புரையில் உலகின் பெரும்பகுதியை வளர்ச்சி குன்றிய பகுதிகள் எனக் குறித்தார். அவ்வகைச் சொற்களைப் 'பின்தங்கிய நாடுகள்' என்று பெயர்ப்போர் ஒரு தரவரிசையையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவருகின்றனர்.

7. 'மென் அதிகாரம்' என்னும் ஆக்கம்

1990ஆம் ஆண்டு ஜோசப் நை அறிமுகப்படுத்திய தொடர், மிரட்டாமலும் விலைகொடுக்காமலும் ஈர்ப்பினால் பிறரைத் தன் விருப்பத்திற்கு இசையச் செய்வதைக் குறிக்கிறது. இதற்கு 'மென் அதிகாரம்' என்பது பொருந்தாது. ஆணையிடாமையே அதன் உயிர், அதிகாரமோ ஆணையிடுவது. 'மென்சக்தி' என்னும் இதழியல் வழக்கு இவ்விடரைத் தவிர்க்கிறது. எனினும் 'மென்வல்லமை' இன்னும் பொருத்தமுடையது. வல்லினம், மெல்லினம் என்று பழகிய தமிழ்ச் செவிக்கு 'வல்', 'மெல்' என்னும் எதிர்நிலை ஒரே சொல்லுக்குள் கூடும்போது, மூலத்தொடரில் உள்ள முரண்சுவையும் கேட்கும்.

நையின் கருத்திலும் மார்கெந்தோவிடம் கண்ட குறை தொடர்கிறது. திரைப்படம், பல்கலைக்கழகம், பண்பாடு என வளங்களை எண்ணும் பழக்கத்தை அவரைப் பின்பற்றியோர் மீண்டும் தொடங்கினர். ஒரு நாட்டின் படத்தைப் பிற நாட்டார் விரும்பிப் பார்ப்பதும், அந்நாட்டின் கொள்கைக்கு அவர்கள் இசைவதும் வேறு.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. வளங்களும் படைக்கலங்களும் கருதப்படும் இடத்தில் 'வலு' அல்லது 'வலிமை' தகும். விளைவை உண்டாக்கும் இயலுமை கருதப்படும் இடத்தில் 'வல்லமை' தகும். சட்டமோ பதவியோ வழங்கிய உரிமைக்கு மட்டும் 'அதிகாரம்' தகும். நாட்டையே குறிக்கும்போது 'வல்லரசு' ஏற்கெனவே நிலைபெற்றுள்ளது.

ஒரு கலைச்சொல்லுக்கு ஒரு நிகரன் என்னும் நெறி இதனால் குலையும் என்ற தடை எழலாம். தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மூலநூலாசிரியர் ஒரே சொல்லின் பல பொருள்களுக்கிடையே நழுவுமிடத்து, மொழிபெயர்ப்பாளர் அவற்றைப் பிரித்துக் கொடுத்தால் ஆசிரியரின் குறை மறைந்து, இல்லாத தெளிவு அவருக்கு வந்துசேரும். 1953இல் ஏர்ன்ஸ்ட் ஹாஸ் 'சமநிலை' பற்றிய தொடர் ஒன்றிற்கே எட்டுப் பொருள்கள் வழங்குவதைக் காட்டினார். அவற்றை எட்டுச் சொற்களால் பெயர்த்தால் அவர் கட்டுரைக்கே இடமிராது. எனவே கருத்தே விவாதப்பொருளாகும் நூல்களில் 'வல்லமை' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொள்வது நலம். வலு, வலிமை, வல்லரசு ஆகியவற்றோடு அது ஒரே வேரில் கிளைத்தது. ஆதலால் ஆங்கிலச் சொற்குடும்பத்தின் ஒருமைப்பாடும் தமிழில் சிதையாது.

நாடுகள் ஒன்றையொன்று பணியவைப்பதற்கும் ஆளும் உரிமைக்கும் ஒரே பெயரிடும் மொழியில், பணியவைத்ததே உரிமை என்னும் முடிவு வாதமின்றி நுழைந்துவிடும். அதனைத் தடுக்கும் சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை ஆள்வதே எஞ்சியுள்ள பணி.