தார் சுற்றும் வேலை

சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டுச் சேலையை நெய்தவர் யார் என்று கேட்டால் தெருவில் எல்லோரும் அப்பாவைத்தான் காட்டுவார்கள். தறியில் உட்கார்ந்தவர் அவர். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். நாடாவில் இருக்கும் தார் தீர்வதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். எந்த நிறத்தில் எத்தனை தார், எது எப்போது தீரும் என்ற கணக்கு அம்மாவின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் உலையும் கொதிக்கும்.

“இன்னைக்கு என்ன கொழம்பு வைக்க?” என்று கேட்பார்.

“ஏதாவது வை” என்பார் அப்பா.

வீட்டில் இருக்கும் காய், மளிகைக்கடை பாக்கி, தம்பிக்கு ஒத்துக்கொள்ளாத புளிப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அந்த ‘ஏதாவது’வைக் குழம்பாக்குவது அம்மாவின் பாடு.

முடிவெடுத்து முடிவெடுத்தே மனம் களைத்துப்போவதைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் பராக் ஒபாமாவை உதாரணம் காட்டும். உண்பதையும் உடுத்துவதையும் பற்றி முடிவெடுக்க விரும்பாததால் சாம்பல் நிறத்திலோ நீலத்திலோ மட்டும் சூட் அணிவதாக அவர் அதிபராக இருந்தபோது சொன்னது 2012இல் வெளியானது. நல்ல யோசனைதான். ஆனால் அவர் எடுக்காத முடிவு மறைந்துவிடவில்லை, வேறொருவர் தலைக்குப் போயிற்று. வெள்ளை மாளிகையில் அதற்குச் சம்பளம் உண்டு. எங்கள் அப்பாவும் அந்த வகையில் ஒபாமாதான். அம்மாவுக்குத்தான் சம்பளம் இல்லை.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை இப்போது இந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன். ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம். அங்கே சமையலறை பெண்களின் ராஜ்யம். ஆனால் அந்தச் சமையலறையின் அமைப்பை மாற்றலாம் என்று மருமகள் மீனாட்சி சொன்னால் அது நடப்பதில்லை. அதற்குப் பதிலாக, சன்னலில் தெரிந்த மலையை மறைத்துக்கொண்டு துணி காயப்போடும் கயிறு வருகிறது. தினமும் எடுக்க வேண்டிய நூறு சின்ன முடிவுகள் பெண்களுக்கு. அந்த நூறையும் எளிதாக்கக்கூடிய ஒரே ஒரு பெரிய முடிவு ஆணுக்கு. இக்கதையைப் பெண்ணின் உடலுழைப்பைப் பற்றியதாக மட்டும் வாசித்தால் இந்தப் பங்கீடு கண்ணில் படாது.

சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 அமெரிக்கத் தம்பதிகளிடம் பேசி 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேலையை நான்காகப் பிரிக்கிறது: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுப்பதில் ஆண்கள் ஓரளவு பங்கெடுக்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசிவரை கவனிப்பதும்தான் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன. படித்ததும் ராட்டைச் சத்தம் கேட்டது எனக்கு. இது தார் சுற்றும் வேலையேதான்.

இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒருநாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பாத்திரம் தேய்த்தபடியே நாளைக்கு மாவு இருக்கிறதா என்று யோசித்தது பாத்திரம் தேய்த்த நேரத்துக்குள் கரைந்துபோகும்.

என் கணவர் ‘ஏதாவது வை’ என்று சொல்கிறவர் இல்லை. “சொல்லு, செய்யறேன்” என்பார். பல வருடம் அதைப் பெரிய விஷயமாக நினைத்தேன். சொல்வதற்கு முன்னால் நான் நினைத்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. பட்டியல் போடு, முதல்நாள் இரவே திட்டமிடு என்கிற அறிவுரைகளும் இன்னும் வேகமாகத் தார் சுற்றத்தான் சொல்லித்தருகின்றன.

போன வருடம் கேஸ் சிலிண்டரை முழுதாக அவரிடம் விட்டேன். தீரப்போவதைக் கவனிப்பது, பதிவு செய்வது, வந்ததா என்று பார்ப்பது எல்லாமே அவர் பொறுப்பு. ஞாபகப்படுத்துவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். ஒருநாள் இரவு தோசைக்கல் சூடாகும்போது அடுப்பு அணைந்தது. மாற்று சிலிண்டரும் காலி. அவர் என்னைப் பார்த்தார். ஒரு மாதமாகவே எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த கடினமான வேலை.

அன்று தறி நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன்.