சைன் எக்ஸ் கீழ் எக்ஸ்: எந்த வழி?

சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து, பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் பையில் பாதி. 1909-இல் ஜி. எச். ஹார்டி இந்த ஒரே விடைக்கான பல நிறுவல்களை 'மேத்தமேட்டிகல் கெஜட்' இதழில் எடைபோட்டு மதிப்பெண்ணும் போட்டார். அவர் புள்ளிகள் இருக்கட்டும். என் தராசு வேறு.

எதிர்வகையீடு தேடிப் பயனில்லை. நமக்குப் பழக்கமான சார்புகளில் அது கிடையாது.

இன்று முதலில் கைநீளும் வழி 'ஃபைன்மன் தந்திரம்'. (லைப்னிட்ஸ் விதிதான், பெயர் மட்டும் புதிது.) ஈ-யின் அடுக்கில் மைனஸ் ஏஎக்ஸ் என்று ஒரு காரணியைப் பெருக்கி, ஏ-யைப் பொறுத்து வகையிட்டால், கீழே இருக்கும் எக்ஸ் மறைந்துவிடும். திரும்பத் தொகையிட்டால் பையில் பாதியில் ஆர்க்டேன் ஏ கழிந்து நிற்கும். கடைசியில் ஏ-யைப் பூச்சியமாக்க வேண்டும். பலர் அவசரமாகத் தாண்டும் இடம் இதுதான். குறிகளை நீக்கிவிட்டால் இந்தத் தொகையீடு முடிவிலிக்கு ஓடிவிடும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுதான் விடை பிழைக்கிறது. ஆகவே எல்லையை உள்ளே கொண்டுபோகத் தனியாக ஒரு நியாயம் காட்டியாக வேண்டும். காட்டலாம், ஆனால் தந்திரத்தின் சுருக்கம் அங்கே போய்விடுகிறது.

கலப்பெண் தளத்து வழியில் சூட்சுமம் தொடக்கத்திலேயே இருக்கிறது. சைனை அப்படியே எடுத்தால் மேல் அரைத்தளத்தில் வெடித்துப் பெருகும். ஈ-யின் அடுக்கில் ஐஇசட் எடுத்தால் அடங்கும். பதிலுக்கு ஆதிப்புள்ளியைச் சுற்றிச் சிறு வளைவு, வெளியே ஜோர்டான் துணைத்தேற்றம். பிழையில்லை. இந்தக் கணக்குக்கு இத்தனை ஏற்பாடு அதிகம்.

என் வாக்கு மூன்றாவதற்கு. ஒன்று கீழ் எக்ஸை, ஈ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ்ஒய் என்பதை ஒய் மீது தொகையிட்டதாக எழுதி, வரிசையை மாற்றுவது. முடிவிலி வரை நேரே மாற்றினால் ஃபூபினி கைவிடுவார். எக்ஸை ஆர் என்ற எண்ணில் நிறுத்துங்கள். அப்போது மாற்றம் முற்றிலும் செல்லும். பையில் பாதியும் ஒரு மிச்சமும் வரும். அந்த மிச்சம் ஒன்று கீழ் ஆரைத் தாண்டாது. விடையோடு பிழையின் அளவும் கிடைக்கிறது. மற்ற இரண்டும் இதை இவ்வளவு எளிதில் தருவதில்லை. ஆர் 10 என்றால் தொகை 1.6583, பையில் பாதி 1.5708, வித்தியாசம் 0.1-க்குள்.

இந்தத் தீர்ப்பு இந்தக் கணக்குக்கு மட்டும். கோசைன் எக்ஸின் கீழே எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1 வைத்து முழு எண்கோட்டில் தொகையிடச் சொன்னால், நான் தயங்காமல் எச்சத் தேற்றத்திடம் போவேன்: பை கீழ் ஈ, சில வரிகளில்.