அன்னா அட்கின்ஸ்: கையெழுத்தை வெட்டிய நீலப் படங்கள்

அன்னா அட்கின்ஸ் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். திரை முழுக்க ஒரே நீலம். நடுவில் வெள்ளையாக, நூல் பிரிந்த மாதிரி கடற்பாசிகள். சுவரில் மாட்டும் போஸ்டர், போன் கவர், தலையணை உறை, நோட்டு அட்டை என்று எல்லாவற்றிலும் அந்தப் படங்கள் இருக்கின்றன. 180 வருடத்துக்கு முன்னால் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கண்காட்சி எது கிடைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இப்படிச் சுற்றுகிற படங்கள் பலவற்றில், கீழே இருந்த ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

பெண்கள் எடுத்த புகைப்படங்களை இணையக் கண்காட்சியாகவும் சிறு நூலாகவும் கொண்டுவரும் முயற்சிகள் இன்று நிறைய நடக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அவற்றில் பலவும் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் செய்த வேலையை விட்டுவிடுகின்றன என்பது என் விமர்சனம். இதைச் சொல்ல அட்கின்ஸை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவர் செய்தது வெறும் படங்கள் இல்லை. அது ஒரு புத்தகம்.

முதலில் விவரங்கள். அட்கின்ஸ் 1799இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். அப்பா ஜான் ஜார்ஜ் சில்ட்ரன், பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த அறிவியலாளர். கிளிஞ்சல்களைப் பற்றி லமார்க் எழுதியதை அப்பா மொழிபெயர்த்தபோது, அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்து கொடுத்தவர் மகள். ஆகவே அட்கின்ஸ் தேர்ந்த ஓவியர். வரையத் தெரியாமல் புகைப்படத்துக்கு வந்தவர் இல்லை. இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1842இல் ஜான் ஹெர்ஷல் சயனோடைப் முறையைக் கண்டுபிடித்தார். அவர் அந்தக் குடும்பத்துக்கு நண்பர். செய்முறை எளிது. இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மேல் ஒரு பொருளை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடம் நீலமாகும், பொருள் மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். கேமரா வேண்டாம், லென்ஸ் வேண்டாம். பி.இ. படித்தவர்கள் வாயில் நாளுக்குப் பத்து முறை வருகிற 'புளூபிரிண்ட்' என்ற சொல் இந்த முறையிலிருந்து வந்ததுதான். கட்டட வரைபடத்தையும் இயந்திர வரைபடத்தையும் பல காலம் இப்படித்தான் நகலெடுத்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், முறை அறிவிக்கப்பட்ட அடுத்த வருடமே, அட்கின்ஸ் அதை வைத்துப் புத்தகம் போட ஆரம்பித்துவிட்டார்.

1843 அக்டோபரில் முதல் பகுதி வந்தது. பெயர் 'ஃபோட்டோகிராஃப்ஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஆல்கே: சயனோடைப் இம்ப்ரெஷன்ஸ்'. புகைப்படங்களைக் கொண்டு உருவான முதல் புத்தகம் என்று இதைச் சொல்கிறார்கள். புகைப்பட வரலாற்றில் எங்கும் பேசப்படும் ஃபாக்ஸ் டால்பட்டின் 'பென்சில் ஆஃப் நேச்சர்' வெளிவரத் தொடங்கியது 1844இல்தான். அட்கின்ஸின் நூல் பகுதி பகுதியாகப் பத்து வருடம், 1853 வரை வந்தது. மொத்தம் ஏறக்குறைய 400 படத்தாள்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அச்சு இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு தாளையும் தனியாக வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். பதினைந்து பிரதிகள் என்று வைத்துக்கொண்டால்கூட 6,000 தாள் ஆகிறது. பூசுவது, உலர்த்துவது, பாசியைப் பரப்புவது, வெயிலில் காட்டுவது, அலசுவது எல்லாம் 6,000 முறை. அதுவும் இங்கிலாந்து வெயிலில்! இந்தத் தாள்களை அவர் விற்கவில்லை. தாவரவியல் தெரிந்த நண்பர்களுக்கும் சில நிறுவனங்களுக்கும் அனுப்பினார். தைத்துக் கட்டிக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு. பிறகு இன்னும் நல்ல மாதிரி கிடைத்தால் பழைய தாளுக்குப் பதிலாகப் புதியதை அனுப்பினார். அதனால் இன்று எஞ்சியிருக்கும் பிரதிகளில் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய கதை: முதல் வெளியீடு, அப்புறம் திருத்தம், அந்தத் திருத்தத்தைப் பயனர் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டாரா இல்லையா என்ற குழப்பம்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். ஒவ்வொரு பாசியின் கீழும் அதன் லத்தீன் பெயர் இருக்கிறது. இது பிறகு பேனாவால் எழுதியது இல்லை. ஒளி ஊடுருவும்படி எண்ணெயிட்ட மெல்லிய தாளில் அட்கின்ஸ் பெயரை எழுதி, அந்தச் சீட்டைப் பாசியோடு சேர்த்தே வெயிலில் வைத்திருக்கிறார். அதாவது பாசியின் நிழலும் அவர் கையெழுத்தும் ஒரே வெயிலில், ஒரே தாளில், ஒரே நேரத்தில் பதிந்தவை. பாசிதான் படம், பெயர் அதற்குக் குறிப்பு என்று பிரிக்கவே முடியாது. இரண்டும் சேர்ந்துதான் புகைப்படம்.

அந்த எழுத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஓர் அழகான நீல டிசைன். அறிவியல் போய்விட்டது, ஆளும் போய்விட்டார். அவர் ஏன் ஓவியத்தை விட்டு இந்த முறைக்கு வந்தார் என்பதை முன்னுரையில் சொல்கிறார். பாசி மாதிரி நுணுக்கமான பொருளைக் கையால் துல்லியமாக வரைவது கடினம் என்பதே காரணம். இருநூறு கிளிஞ்சல் வரைந்த கை சொல்கிற காரணம் இது. அழகுக்காக இல்லை, துல்லியத்துக்காக எடுத்த முடிவு. தலையணை உறையில் இருப்பது அந்த முடிவின் எச்சம் மட்டும்தான்.

பெயர் தொலைவது அட்கின்ஸுக்குப் புதிதும் இல்லை. முன்னுரையில் அவர் முழுப் பெயரைப் போடவில்லை. 'ஏ.ஏ.' என்ற இரண்டு எழுத்துதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் லாங் என்ற சேகரிப்பாளர் கையில் ஒரு பிரதி கிடைத்தபோது, 'ஏ.ஏ.' என்றால் 'அனானிமஸ் அமெச்சூர்' என்று எடுத்துக்கொண்டார். பெயர் தெரியாத ஆர்வலர்! பத்து வருட உழைப்பு, நானூறு படம், கடைசியில் அவர் இறந்து இருபது வருடம்கூட ஆகாத நிலையில் இந்தப் பட்டம். உண்மை பிறகு தெரியவந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாரி ஷாஃப் தோண்டி எடுத்து எழுதும்வரை பொது வாசகர்களுக்கு அவர் பெயர் பெரிதாகத் தெரியாது. ஷாஃபின் நூல் வந்தது 1985இல்.

இதே ஷாஃப் சம்பந்தப்பட்ட இன்னொரு கதையும் உண்டு. ஓர் இலையின் ஒளிப்பதிவு, 2008இல் ஏலத்துக்கு வருவதாக இருந்தது. எடுத்தவர் யார் என்று தெரியாத நிலையில், தாமஸ் வெட்ஜ்வுட் போன்ற பெரிய பெயர்களோடு சேர்த்துப் பேசப்பட்டு உலகச் செய்தியானது. ஏலத்திலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள். அதை 1839இல் எடுத்தவர் சாரா ஆன் பிரைட் என்ற பெண் என்று 2015இல் ஷாஃப் சொன்னார். பெயரில்லாத படத்துக்கு நம் கை முதலில் ஓர் ஆணின் பெயரைத்தான் தேடுகிறது. அதனால்தான் பெண்களின் படங்களைக் காட்சிக்கு வைப்பவர்களுக்குப் பெயரும் குறிப்பும் அலங்காரம் இல்லை, அடிப்படை வேலை என்கிறேன்.

சரி, இணையக் கண்காட்சி என்ற வடிவமே தப்பா? நிச்சயமாக இல்லை. ஹெர்ஷலிடம் இருந்த பிரதி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதை முழுவதும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். அந்த நூலகம் பொதுவுடைமையில் உள்ள 1,80,000க்கும் மேற்பட்ட ஆவணங்களை 2016 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. சயனோடைப்புக்கு வெளிச்சம் ஆகாது. தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் நீலம் வெளுக்கும், இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும். ஆகவே வருடக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைக்க முடியாது. 2018 அக்டோபரில் அதே நூலகம் 'புளூ பிரிண்ட்ஸ்' என்ற நேரடிக் கண்காட்சியை வைத்தது, சில மாதங்களில் அது முடிந்துவிட்டது. திரையில்தான் இந்தப் புத்தகம் நிரந்தரமாக விரிந்து கிடக்க முடியும். பெரிதாக்கிப் பார்த்தால் தூரிகை இழுத்த தடம் தாளின் ஓரத்தில் தெரிகிறது. ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற எனக்கு இது வரம்தான்.

குறை எங்கே என்றால், கதவு திறந்த விதத்தில். இந்தத் தளங்களில் ஒவ்வொரு தாளும் தனிப் படமாகக் கட்டம் கட்டமாக வருகிறது. தேடல் பொறி நேராக நடுவில் உள்ள ஏதாவது ஓர் அழகான பாசியில் கொண்டுபோய் விடுகிறது. முன்னுரை, அட்டவணை, அப்பாவுக்கான காணிக்கை எல்லாம் எழுத்துப் பக்கங்கள். அவற்றை யாரும் பகிர்வதில்லை. ஆனால் அட்கின்ஸ் பேசுவது அந்தப் பக்கங்களில்தான், அவையும் அவர் கைப்பட எழுதி அதே வெயிலில் எடுத்த நீலத் தாள்கள்தான். புத்தகத்தில் முதலில் வருவது இணையத்தில் கடைசியாகக்கூட வருவதில்லை.

தொழில்நுட்பத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐ.ஐ.ஐ.எஃப். என்ற தரநிலையில் ஒரு நூலின் பக்க வரிசையை ஒரே கோப்பில் எழுதிவிடலாம். எந்தப் பார்வைக் கருவியும் அதைப் புத்தகமாகவே திறக்கும். படக் கோப்புக்குள்ளேயே எடுத்தவர் பெயரையும் குறிப்பையும் பதிக்க ஐ.பி.டி.சி. புலங்கள் இருக்கின்றன. ஆனால் சமூக வலைத்தளங்களில் ஏற்றும்போது அவை பெரும்பாலும் கழன்றுவிடும். யோசித்தால் அட்கின்ஸ் 1843லேயே இதற்குத் தீர்வு வைத்திருந்தார். குறிப்பைப் படத்தின் பரப்பிலேயே பதித்தார். அது தானாகக் கழலாது. யாராவது வேண்டுமென்றே கத்தரித்தால்தான் உண்டு. நாம் அதையும் கத்தரித்துக்கொண்டிருக்கிறோம்.

'நூற்றி எண்பது வருடப் பழங்கதை, இப்ப யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்பவர்களுக்காக நம் நாட்டு உதாரணம் ஒன்று. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. ஆரம்பத்தில் அவர் படங்கள் கணவர் பெயரில்தான் வெளியாயின. நேரு ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியின் மனைவிக்கு விமானத்தில் சிகரெட் பற்றவைக்கும் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அதை எடுத்தவர் ஹோமாய். வாட்ஸ்அப்பில் வரும்போது அதில் எடுத்தவர் பெயர் இருக்காது, இடம் இருக்காது, படத்தில் உள்ள பெண் யார் என்றும் இருக்காது. பதிலாக ஓர் அவதூறு இருக்கும். குறிப்பு இல்லாத படத்துக்கு யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதலாம். நஷ்டம் இதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமாகச் சிறு நூல் என்ன செய்யும் என்பதற்கு தயானிதா சிங்கின் 'சென்ட் எ லெட்டர்' நல்ல சான்று. 2008இல் ஸ்டைடில் பதிப்பகம் வெளியிட்டது. ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடித்த ஏழு குட்டிப் புத்தகங்கள். நண்பர்களுக்காகக் கையால் செய்து கொடுத்தவற்றிலிருந்து வளர்ந்தது. ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம். இன்னொன்று அவருடைய அம்மா நோனி சிங் எடுத்த படங்கள். விரித்து மேசையில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. அடுத்த படம் எது என்பதை எடுத்தவரே முடிவு செய்திருக்கிறார். மடிப்பைப் பிரித்துத் தனியாக ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் கிழிக்கத்தான் வேண்டும். அட்கின்ஸ் நண்பர்களுக்கு அனுப்பிய தாள்களுக்கும் இதற்கும் நடுவில் 165 வருடம் இருக்கிறது. ஆனால் வேலை ஒன்றுதான்: படத்தை வரிசையோடும் பெயரோடும் தெரிந்த கைக்கு அனுப்புவது.

சிறு நூலுக்கும் எல்லை உண்டு. எல்லோரும் வாங்க முடியாது, எல்லா ஊரிலும் கிடைக்காது. எனவே இரண்டும் வேண்டும். இணையத்தில் வைப்பவர்கள் அதை நூலாக நினைத்து வைக்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்து திறக்கட்டும். எழுத்துப் பக்கங்களையும் படங்களாகவே மதித்து வையுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். 'முதல் பெண்' என்ற ஒற்றைப் பட்டத்தோடு மகளிர் தினத்துக்குப் பத்துப் படம் போடுவதைவிட, ஒரு பெண்ணின் ஒரு முழுத் தொகுப்பை வரிசை மாறாமல் போடுவது மேல். நம் ஊரில் அம்மாவோ அத்தையோ எடுத்த படங்களை ஸ்கேன் செய்து ஏற்றுபவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்: ஆல்பத்திலிருந்து உருவுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள், பின்புறம் எழுதியிருப்பதையும் சேர்த்து.

அட்கின்ஸின் புத்தகத்தைப் பார்க்க நினைப்பவர்கள் நியூயார்க் பொது நூலகத்தின் தளத்துக்குப் போய்ப் பாசிகளைத் தாண்டி முதல் தாளுக்கு வாருங்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாக நகருங்கள். பாசியைப் பார்த்த பிறகு கீழே எழுத்தையும் ஒரு நிமிஷம் பெரிதாக்கிப் பாருங்கள். சில இடத்தில் எழுத்து லேசாகக் கலங்கியிருக்கும். சீட்டு தாளோடு சரியாக ஒட்டாமல் தூக்கி நின்றால் அப்படி ஆகும்.