கராஃபாவின் வழிகாட்டியும் நமது மையவாடியும்

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது அதிராம்பட்டினத்திலும் சுற்றுப்புறங்களிலும் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. தென்னை போனதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். மையவாடியில் சாய்ந்த வேம்பு ஒன்றைப் பற்றி எவரும் எழுதவில்லை. எழுதத் தக்க செய்தியாக அது தோன்றியும் இராது. ஆனால் நம் பாட்டனாரின் கப்ரை நாம் அறிந்திருந்தது அந்த வேம்பைக் கொண்டுதான். ‘வேம்புக்குத் தெற்கே மூன்றாவது மீஸான்’ என்பது வாப்பா காட்டித் தந்த அடையாளம். மரத்தை அறுத்து அகற்றி, மணலைச் சமப்படுத்திய பிறகு எதிலிருந்து மூன்றாவது என்று எண்ணுவது? மீஸான் கற்களில் பெயர் கிடையாது. ஸலாம் சொல்வதற்கு இடம் அறிய வேண்டுவதில்லை; நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஸலாம் கப்ருவாசிகள் அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் அன்று வெறுங்கையோடு திரும்பியது போன்ற ஓர் உணர்வு நமக்கு இருந்தது.

அதே மனநிலையில்தான் இப்னுஸ் ஸய்யாத் (மறைவு ஹி. 814/1411) எழுதிய ‘அல்கவாகிபுஸ் ஸய்யாரா’வை மறுபடியும் எடுத்தோம். கெய்ரோவின் தெற்கே, முகத்தம் குன்றின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் கராஃபா மையவாடிக்கு ஜியாரத் செல்வோருக்கான வழிகாட்டி அது. இந்த வகை நூல்களில் அதுவே முதலாவதன்று. அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னு உஸ்மான் (மறைவு ஹி. 615/1218) ‘முர்ஷிதுஸ் ஸுவ்வார்’ எழுதியிருந்தார்.

இந்நூல்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. கராமத்துச் செய்திகளுக்காகப் போற்றுவோர் ஒரு சாரார். அதே செய்திகளுக்காகவே ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே பக்கங்களைத்தான் படிக்கிறார்கள் என்பது நம் கருத்து. நூலின் உண்மையான உழைப்பு வேறிடத்தில் இருக்கிறது. இன்னாருடைய கப்ருக்குக் கிழக்கே இன்னார், அங்கிருந்து கிப்லாவை நோக்கி நடந்தால் இன்னார் என்று ஆசிரியர் நம் கையைப் பிடித்து நடத்திச் செல்கிறார். மக்கள் ஒருவர் பெயரால் அழைக்கும் கப்ர் உண்மையில் அவருடையது அன்று என்றால், அதையும் தயங்காமல் சொல்லிவிடுகிறார். பக்தியைக் குறை கூறாமல் பிழையைத் திருத்தும் இந்த நேர்மை இன்றைய ஆய்வாளர் பலரிடமும் காணக் கிடைக்காதது.

அவர் காட்டும் மனிதர்களும் கவனத்திற்குரியவர்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் ஸய்யிதா நஃபீஸா (ரஹ்) அவர்களும் அங்கே உண்டு. அவர்களைச் சுற்றிலும் ஹதீஸ் அறிவித்தோர், காழிகள், கைத்தொழில் செய்து பிழைத்தோர், பெண்கள் ஆகியோருக்கும் வரிகள் உண்டு. நம் ஊரில் வாய்மொழி அடையாளம்கூடப் பெண்களுக்குப் பாதிதான்: இன்னார் மனைவி, இன்னார் உம்மா என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம்.

கப்ரின் மீது எழுதுவது ஷரீஅத்திற்கு ஒவ்வாதே, பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. கப்ரைச் சுண்ணாம்பால் பூசுவதையும் அதன் மீது கட்டுவதையும் தடுக்கும் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் உள்ளது. எழுதுவதையும் சேர்த்துத் தடுக்கும் அறிவிப்பு திர்மிதீயில் உள்ளது. இமாம் ஹாகிம் (மறைவு ஹி. 405) அதன் அறிவிப்பாளர் தொடரை ஏற்றுக்கொண்டு, ஆனால் கிழக்கிலிருந்து மேற்குவரை இமாம்களின் கப்ருகளில் எழுத்து இருப்பதால் நடைமுறை அதன்படி அமையவில்லை என்றார். ஸஹாபாக்களில் எவரும் அவ்வாறு செய்ததாக அறியவில்லை, பின்வந்தோருக்குத் தடை எட்டாமல் போயிருக்கலாம் என்று தஹபீ (மறைவு ஹி. 748) மறுத்தார். நாம் இதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கரையோர ஊர்களில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் எழுதுவது மக்ரூஹ் என்பதே பரவலான கூற்று. ஆனால் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தாலேயே ஒரு கல்லை வைத்து, சகோதரரின் கப்ரை அறிந்துகொள்வதற்காக என்று காரணமும் சொன்னதை அபூதாவூத் பதிவு செய்கிறார். அடையாளம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இப்னுஸ் ஸய்யாத்தின் வழி இங்கேதான் பொருந்துகிறது: அவர் கல்லில் எழுதவில்லை, காகிதத்தில் எழுதினார்.

நம் தமிழில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது? வலிமார் மீது மாலைகளும் முனாஜாத்துகளும் பாடப்பட்டன. நாகூர் நாயகத்தைப் பற்றி குலாம் காதிறு நாவலர் எழுதிய ‘கன்ஜுல் கறாமாத்து’ உரைநடைச் செல்வம். ஆனால் இந்த இலக்கியத்தின் நாட்டம் ஒரு வலியின் வாழ்வும் அற்புதங்களும். அடுத்த மீஸானின் கீழ் உறங்குபவர் யார் என்பது அதன் கேள்வி அன்று. திருச்சி நத்ஹர் வலி தர்காவுக்குச் செல்வோர் பலர், அங்கேயே சந்தா சாஹிபும் (1752) நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் (1795) அடங்கியிருப்பதை அறியாமலே திரும்புகின்றனர். காயல்பட்டினத்துப் பழைய மீஸான்களின் அரபு எழுத்துகளைப் படித்து நூலில் ஏற்ற மெஹர்தாத் ஷுகூஹி என்னும் வெளிநாட்டு ஆய்வாளர் வர வேண்டியிருந்தது. அந்நூல் 2003இல் வெளிவந்தது. நன்றியோடுதான் சொல்கிறோம், சற்று நாணத்தோடும்.

கராஃபாவின் இன்றைய நிலை துயரமானது. 2020 முதல் சாலைகளுக்காகவும் பாலங்களுக்காகவும் அதன் பகுதிகள் இடிக்கப்பட்டு வருகின்றன. கெய்ரோவின் இளைஞர்கள் சிலர் தாமாக முன்வந்து, இடிபாடுகளிடையே கல்வெட்டுகளைப் படம் எடுத்தும் மீட்டும் வருகிறார்கள். கல் போன இடத்தில் அறுநூறு ஆண்டுப் பழைய நூலின் ‘அவருக்குக் கிழக்கே’ என்னும் சொல் மட்டும் நிற்கிறது.

கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ஹி. 31ஆம் ஆண்டு மீஸான் ஒன்று உள்ளது. அப்துர் ரஹ்மான் என்பவருடையது. தன்னைப் படிப்பவர் அவருக்காகப் பிழைபொறுக்கத் தேட வேண்டும், ஆமீன் சொல்ல வேண்டும் என்பதே அக்கல் கேட்பது. தம் புகழ் எதையும் அவர் அதில் பொறித்துச் செல்லவில்லை. அதை நூலில் படித்தபோது நாமும் ஆமீன் சொன்னோம்.

சென்ற ஷஅபானில் ஊரின் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அஸருக்குப் பின் மையவாடிக்குப் போனோம். கையில் நாற்பது பக்க நோட்டு. வேம்பு நின்ற இடத்தை அவர் காலாலேயே தேடினார். மண்ணுக்குள் வேரின் அடித்தூர் தட்டுப்பட்டது. அங்கிருந்து தெற்கே எண்ணி, இதுவாகத்தான் இருக்கும் என்றார். ‘இருக்கும்’ என்றே எழுதிக்கொண்டோம். கிழக்குச் சுவரிலிருந்து எத்தனை அடி என்பதையும் அளந்து குறித்தோம். அதற்கு மேற்கே உள்ளது யாருடையது என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்து, பினாங்குக்குக் கப்பலில் போய் வந்த ஒருவரின் உம்மா என்றார். அந்த அம்மையாரின் பெயர் அவருக்கு நினைவில்லை. தம் மூத்த சகோதரிக்குத் தெரிந்திருக்கலாம், மக்ரிபுக்குப் பின் கேட்டுச் சொல்வதாகக் கூறினார்.