ஐப்பசிச் சூரனும் ஆர்க்கேட் திரையும்

பழைய ஆர்க்கேட் பாணியில் அமைந்த, கத்திக்காரனிடமிருந்து தப்பி ஓடும் ஹலோவீன் விளையாட்டுகளுக்கு நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. ஜோன் கார்ப்பென்டரின் 1978ஆம் ஆண்டுத் திரைப்படத்தைத் தழுவி, 1983இல் அட்டாரி 2600 கருவிக்காக விசார்ட் வீடியோ நிறுவனம் 'ஹலோவீன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வீட்டிலுள்ள பிள்ளைகளை, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் பாதுகாப்பான அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். கொலைகாரன் தோன்றும்போது படத்தின் இசை ஒலிக்கும். அவன் கையில் அகப்பட்டால், தலையற்ற உடல் குருதி பீறிட ஓடும். விரல்விட்டு எண்ணக்கூடிய சதுரப் புள்ளிகளால் வரைந்த இந்தக் காட்சிக்கே பல கடைகள் அஞ்சின. 1988இல் நாம்கோவின் 'ஸ்பிளட்டர்ஹவுஸ்' அந்த அச்சத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரும் பகையை நிறுத்தியது. இவ்வளவு எளிய ஓவியம் அச்சமூட்டியதற்குக் காரணம், ஆடுபவர் ஹலோவீன் இரவை முன்பே அறிந்திருந்ததுதான். ஊரின் சடங்கு பாதி வேலையைச் செய்துவிட, மீதியைத்தான் திரை செய்தது.

அப்படியானால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வகைக்குரிய பருவம் ஹலோவீன் அல்ல. அதே ஒக்டோபர், நவம்பரையொட்டி வரும் ஐப்பசிக் கந்தசஷ்டியே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இம்மண்ணின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றார். புராணப் படிப்பில் கேட்ட கதை, ஆறாம் நாள் கோயில் வீதியில் சூரன் போராக நடக்கிறது. இளைஞர்கள் தோளில் சுமக்கும் மரச்சூரன் முன்னே பாய்ந்து, பின்னே ஓடி, இடமும் வலமும் ஆடி முருகனை எதிர்கொள்கிறான். யானைமுகம் விழுந்தால் சிங்கமுகம், அதுவும் விழுந்தால் சூரன் முகம், பிறகு மாமரம். ஒரே பகை உருமாறி உருமாறி வருவதும், ஒவ்வொரு உருவுக்கும் ஆட்டத்தின் வேகம் மாறுவதும் ஆர்க்கேட் வடிவமைப்பாளர் தேடும் அமைப்பே. அது இங்கே ஆண்டுதோறும் மேளச் சத்தத்தோடு அரங்கேறுகிறது.

பழைய பாணி என்பது பிறருடைய இளமை நினைவு, நமக்கு அதில் என்ன என்ற கேள்வி நியாயமானது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு ஆர்க்கேட் கூடம் எட்டாத ஒன்று. ஆனால் புள்ளி ஓவியத்தின் பயன் நினைவோடு முடிவதில்லை. குறைந்த செலவில் ஒருவரோ இருவரோ முழு விளையாட்டையும் செய்துவிடலாம். விளையாட்டு உருவாக்க உதவும் கொடோ போன்ற இலவச மென்பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வேற்று மண்ணின் விளையாட்டை யார் ஆடுவார் என்பதற்கும் விடை இருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொன்ன 'வெண்பா' 2023இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தன் வீட்டை நுணுக்கமாகச் சொன்னதுதான் அதை வெளியார் விரும்பக் காரணம்.

வழிபாட்டை விளையாட்டாக்குவது இழிவு என்ற மறுப்பை இதைவிடக் கவனமாக அணுகவேண்டும். காத்தவராயன் கூத்து அம்மன் கோயில் முற்றங்களில் தெய்வக் கதையை ஆடிக் காட்டியே வளர்ந்தது. பக்தியும் ஆட்டமும் இங்கே பகையாக இருந்ததில்லை. பொறுப்பற்ற ஆட்டம்தான் பகை. போர் தின்ற மண்ணில் வெட்டும் குத்தும் எதற்கு என்ற மறுப்பு இன்னும் வலியது. அதற்கு விடை கதையின் முடிவிலேயே உள்ளது. ஹலோவீன் கொலைகாரன் அடுத்த படத்தில் மீண்டும் எழுவான். அவனை ஒழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. சூரனோ வேல் பிளந்தபின் சேவலும் மயிலுமாகி, முருகனின் கொடியிலும் வாகனத்திலும் இடம்பெறுகிறான். வென்றவர் பகையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் இந்த முடிவை இறுதிக் கட்டத்தின் விதியாக்கினால், கொலைக் கணக்கில் புள்ளி தரும் வகையிலிருந்து அடிப்படையிலேயே வேறான விளையாட்டு பிறக்கும்.

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் கற்கும் இளையோருக்குப் பூசணி முகமூடியை நகலெடுக்கும் தேவையே இல்லை. அந்த வகையிடமிருந்து கட்ட அடுக்கையும் வேகத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். அச்சத்தையும், அச்சம் தீரும் விதத்தையும் தங்கள் கோயில் வீதியிலிருந்து எடுக்கட்டும். உலகுக்குப் புதிதாக அவர்கள் தரக்கூடியது அச்சம் தீரும் அந்த விதம்தான்.