லியோன் கிரீன்மன்: ஆதாரமாகிப்போன மனிதர்

வதைமுகாமில் இருந்து மீண்டவர்கள் எழுதிய நினைவுநூல்களுக்கு ஒரு அலமாரி போதாது. அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று, லியோன் கிரீன்மன் எழுதி 2001-இல் வெளிவந்த 'ஆஷ்விட்சில் ஓர் ஆங்கிலேயர்'. இலக்கிய நயம் தேடிப் போனால் ஏமாற்றம்தான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். ஆனால் இதை இலக்கியமாக எடைபோடுவதே தப்பு என்பது என் கட்சி. இது ஒரு வாக்குமூலம். "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவே இல்லை" என்று எதிரே நின்று ஒருவன் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே எழுதப்பட்ட வாக்குமூலம்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1910-இல் லண்டனின் வைட்சாப்பலில் பிறந்த யூதர். பிரிட்டிஷ் குடிமகன். சவரத் தொழில் பழகியவர், நன்றாகப் பாடவும் செய்வார். 1935-இல் எல்ஸே என்ற பெண்ணை மணந்து, ஹாலந்தில் உள்ள ராட்டர்டாமில் குடியேறினார். 1940 மார்ச்சில் மகன் பார்னி பிறந்தான். இரண்டே மாதத்தில், மே மாதம், ஜெர்மன் படை ஹாலந்துக்குள் நுழைந்துவிட்டது.

கிரீன்மனைக் காப்பாற்றியிருக்க வேண்டியது ஒரு காகிதம். பிரிட்டிஷ் குடிமக்களை நாஜிகள் தனித் தடுப்பு முகாம்களில் வைத்தார்கள். ஹாலந்து யூதர்களைப் போல அவர்களைக் கிழக்கே அனுப்புவதில்லை. தன் கடவுச்சீட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நண்பர்களிடம் கொடுத்து வைத்திருந்தார் கிரீன்மன். நண்பர்களோ, யூதனின் பொருள் வீட்டில் இருந்தால் தங்களுக்கு ஆபத்து என்று பயந்து, அதை எரித்துவிட்டார்கள். 1942 அக்டோபரில் குடும்பம் கைதாகி வெஸ்டர்போர்க் முகாமுக்குப் போனது. ஆன் ஃபிராங்கின் குடும்பம் 1944-இல் கொண்டுபோகப்பட்ட அதே முகாம்தான். தான் பிரிட்டிஷ்காரன் என்று கிரீன்மன் அங்கே சொல்லிப் பார்த்தார். கையில் காகிதம் இல்லாதவன் பேச்சு எடுபடுமா?

1943-இன் தொடக்கத்தில் ரயில் பிர்கெனாவில் நின்றது. அவர் சொல்லும் கணக்குப்படி அந்த ரயிலில் வந்தவர்கள் சுமார் 700 பேர். வேலைக்கென்று ஐம்பது ஆண்கள் பிரிக்கப்பட்டார்கள். எல்ஸேயும் பார்னியும் ஒரு லாரியில் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தார். சிவப்பு வெல்வெட் திரைச்சீலையை வெட்டி எல்ஸே தைத்த மேலங்கியை இருவரும் போட்டிருந்ததால் அடையாளம் தெரிந்தது. பார்னிக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அன்றே நச்சுவாயு அறையில் இருவரும் கொல்லப்பட்டார்கள். அது தெரியாமல், என்றாவது பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் முகாமில் நாட்களைத் தள்ளினார். கையில் குத்தப்பட்ட எண் 98288. உயிரோடு வெளியே போனால் இதையெல்லாம் உலகத்துக்குச் சொல்லுவேன் என்று அங்கேயே சபதம் எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு ஒப்பீடு உதவும். கிரீன்மன் பிறகு மாற்றப்பட்ட மோனோவிட்ஸ் முகாமில்தான் இத்தாலிய எழுத்தாளர் ப்ரீமோ லெவியும் இருந்தார். 1945 ஜனவரியில் முகாமைக் காலி செய்தபோது, நோயில் கிடந்த லெவி அங்கேயே விடப்பட்டார். கிரீன்மன் பனியில் நடக்க வைக்கப்பட்டு, பிறகு புகன்வால்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஏப்ரல் 11 அன்று அங்கே விடுதலையானார். லெவியின் முதல் நூல் 1947-லேயே வந்துவிட்டது. மனிதன் எப்படி இப்படி ஆனான் என்று அதில் அவர் துருவித் துருவி ஆராய்கிறார். கிரீன்மனுக்கு அந்தக் கேள்வியில் நாட்டம் இல்லை. எங்கே, எப்போது, யார், எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறார். ஒருவர் வாசகரோடு சேர்ந்து யோசிக்கிறார், மற்றவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறார். வாசகனாக எனக்கு லெவிதான் நெருக்கம். ஆனால் ஒருவன் வந்து வழக்கையே கலைக்கப் பார்க்கிறான் என்றால் கூண்டில் நிற்க ஆள் வேண்டும் இல்லையா?

அப்படி ஒருவன் வந்தான். 1962 ஜூலை 1 அன்று, லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் காலின் ஜோர்டன் என்பவர் பட்டப்பகலில் நாஜிக் கூட்டம் நடத்தி, ஹிட்லர் சொன்னது சரிதான் என்று பேசினார். ஹிட்லரோடு போரிட்ட நாட்டின் தலைநகரில், போர் முடிந்து 17 ஆண்டுகளில்! சந்தையில் வியாபாரம், மேடையில் பாட்டு என்று வாழ்ந்துகொண்டிருந்த கிரீன்மனை முழுநேரப் பிரச்சாரகராக மாற்றியது அந்தப் பேச்சுதான். பள்ளிகளில் பேசினார், நாஜி எதிர்ப்பு ஊர்வலங்களில் நடந்தார், இளைஞர்களை ஆஷ்விட்சுக்கே அழைத்துப் போனார். லண்டன் யூத அருங்காட்சியகத்தில் அவர் கதைக்கென்றே ஒரு பகுதி அமைந்தது. அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சட்டைக் கையை மடக்கி எண்ணைக் காட்டுவார். காகிதம் இல்லாததால் குடும்பத்தை இழந்தவர், கடைசியில் தானே ஓர் ஆவணமாக ஆகிப்போனார்.

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. மிரட்டல்கள் வந்தன. இல்ஃபோர்டில் இருந்த வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். கம்பி வலை போட்டுக்கொண்டு அதே வீட்டில் இருந்தார். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை.

இப்போது என் மனசில் இருக்கும் சந்தேகத்துக்கு வருகிறேன். ஆதாரத்தால் வெறுப்பை ஜெயிக்க முடியுமா? மறுப்பவனுக்குத் தகவல் பஞ்சம் ஒன்றும் இல்லை. எத்தனை எண்களைக் காட்டினாலும் அவன் மாறப் போவதில்லை. யூத வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு கிரீன்மனின் நூலில் விளக்கம் தேடினால் கிடைக்காது. அது ஒரு குறைதான், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்று யோசித்தால் குறையின் கனம் குறைகிறது. சதுக்கத்தில் மேடையில் நின்றவனை மாற்றுவது அவர் வேலை இல்லை. கீழே நின்று, "இதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ" என்று தயங்குகிறவன்தான் அவர் இலக்கு. பள்ளி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைதான் அவர் இலக்கு. வெறுப்பைப் பரப்புகிறவர்கள் எப்போதும் சிலர்தான், அது பெருகுவது தயங்குகிறவர்கள் வழியாக. அவர்களுக்கு ஒரு சிவப்பு மேலங்கி போதும். பெரிய தத்துவம் வேண்டாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1998-இல் அவருக்கு பிரிட்டிஷ் அரசின் விருது கிடைத்தது. அதனால் "எல்லோரும் அன்பாக இருங்கள்" என்று சொன்ன சாதுத் தாத்தாவாக அவரை நினைத்துவிட வேண்டாம். யூத வெறுப்பை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கவும் இல்லை அவர். கறுப்பர்களையும் ஆசியர்களையும் குறிவைத்த இனவாதக் கட்சிகளை எதிர்த்தவர்களோடும் தெருவில் நின்றார்.

2008 மார்ச்சில், 97 வயதில் இறந்தார். மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. எண் குத்திய அந்தக் கை இப்போது இல்லை. இனி நம்மிடம் இருப்பது அவர் விட்டுப்போன காகிதங்கள்தான். பயந்துபோய்க் காகிதத்தை எரித்த நண்பர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் பலரும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்த பிறகு இந்தப் புத்தகத்தைப் படிக்கிறோம். எங்கேயாவது கிடைத்தால் படித்துப் பாருங்கள், படித்ததை நாலு பேரிடம் சொல்லுங்கள். அவர் 45 ஆண்டுகளாகச் செய்ததும் அதுதான்.