தலைவன் இல்லாத நோய்

பெரம்பலூரில் இளங்கலை மாணவிகளுக்குக் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். அன்று ஔவையாரின் 28ஆம் பாடல். ஊர் உறங்குகிறது; ஒருத்தி மட்டும் விழித்துக் கிடக்கிறாள். தன் நோய் தெரியாமல் தூங்கும் இந்த ஊரை முட்டுவதா, தாக்குவதா, ஏதாவது ஒரு சாக்கில் கத்திக் கூப்பிடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்தே அடிகள். திருமணம் தள்ளிப்போவதைத் தாங்காத தலைவி, தனக்காகக் கவலைப்படும் தோழியிடம் சொன்னது என்று வழக்கம்போலக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அம்மா, பாட்டுல தலைவனே வரலையே?”

பதினைந்து ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடல். மறுபடி வாசித்துப் பார்த்தேன். காற்று இருக்கிறது, ஊர் இருக்கிறது, நோய் இருக்கிறது. தலைவன் இல்லை. அவன் பாட்டுக்கு வெளியே, பின்னால் வந்தவர்கள் சேர்த்த கூற்றுக் குறிப்பில் இருக்கிறான். அகத்திணை மரபில் தலைவன் சொல்லாமலே உண்டு என்பது தமிழ் படித்த எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பெண் ‘எனக்கு நோய்’ என்றதும், அதற்குக் காரணமாக ஓர் ஆணைத் தேடித் தருவது நமக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

பெண்ணின் நோயை மற்றவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு நம்மிடம் வெறியாட்டுப் பாடல்கள் இருக்கின்றன. மகள் மெலிகிறாள், பசலை படர்கிறது, பேச்சில்லை. தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள், கழங்கு உருட்டிப் பார்க்கிறாள். முருகு அணங்கியது என்று முடிவாகிறது. வேலன் வந்து ஆடுகிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. இந்தத் தவறான கணிப்பைச் சங்கக் கவிஞர்கள் சும்மா விடவில்லை. நற்றிணை 34இல் தோழி, கடவுளாகவே இருந்தாலும் நீ அறியாதவன்தான் என்று முருகனையே ஏசுகிறாள். அகநானூறு 22இல் வெறிபாடிய காமக்கண்ணியாரின் தலைவி, தன் நோய் தீர்ந்ததற்கான பெயரை வேலன் தட்டிச்செல்வதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இந்தச் சிரிப்பைப் பெண்ணின் குரல் என்று கொண்டாடி நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். இப்போது அதில் ஒரு குறை தெரிகிறது. வேலன் சொன்ன காரணம் தவறு என்று காட்டும் பாடல்கள், அந்த இடத்தில் இன்னொரு காரணத்தைத்தான் வைக்கின்றன. தோழி அறத்தொடு நின்று உண்மையைச் சொல்கிறாள், முடிவு திருமணம். ‘ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்’ என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். திருமணம் ஆனவளாக இருந்தால், ‘ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்.’ பிள்ளையும் பெற்றவளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை, அவளுக்குக் ‘கொழுப்பு.’

நான் அந்த மூன்றாவது வகையில் இருந்தேன். நாற்பதாவது வயதில், அரியலூர்ப் பக்கம் எங்கள் வீட்டில், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன். கல்லூரிக்குப் போவேன், பாடம் நடத்துவேன், திரும்பி வந்து புடவைகூட மாற்றாமல் படுத்துவிடுவேன். சோறு மண்ணாக இருந்தது. ஒரு வரி எழுத வரவில்லை. சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை. அதுவே பெரிய குற்ற உணர்ச்சியாக இருந்தது. அம்மா, “கண்ணு பட்டிருச்சுடி” என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். என்னை உற்றுப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். வெறியாட்டுப் பாடல்களின் தாயும் அப்படித்தான். கவனிப்பில் பிழை இல்லை, கணிப்பில்தான் பிழை.

உடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, “வாடி, நான் கூட வரேன்” என்று அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண் மருத்துவர் ‘ஏன்’ என்று முதலில் கேட்கவில்லை. எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, பசி எப்படி, முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்டார். இரண்டு வாரங்களுக்கு மேல் இவை நீடித்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்றார். பத்திரிகைகள் இதை ‘மன அழுத்தம்’ என்று எழுதுகின்றன. அழுத்தம் என்றால் அழுத்துவது எது என்ற கேள்வி வரும். சோர்வுக்கு அப்படி ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் சோதனை எழுதினார். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள்வரை ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார். எனக்கு ஐந்தாவது வாரத்தில் தூக்கம் வந்தது. கவிதை வர ஏறக்குறைய ஓராண்டு ஆனது.

காரணமே தேடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அரியலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர், நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை போனவர். 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு மனதைரியம் இல்லை என்று பேசியவர்கள் உண்டு. ஒரு கூலித் தொழிலாளியின் மகளான தலித் மாணவியின் வழியை அடைத்த தேர்வுமுறையை விட்டுவிட்டு, குறையை அவருக்குள் தேடுவது வேலனின் வேலை. அவருக்கு நான் நோய்ப்பெயர் சூட்ட மாட்டேன். அதேசமயம், இன்றிரவு தூங்காமல் கிடக்கும் ஒரு மாணவியிடம், சட்டம் மாறும்வரை பொறுத்திரு என்றும் சொல்ல முடியாது. போராட்டமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை என்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மருத்துவரும் மாத்திரையும் இலவசம். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், அதற்கும் கட்டணமில்லை. இருந்தும் போகாததற்குக் காரணம், யார் பார்ப்பார்களோ என்ற பயமும், கூட வர ஆள் இல்லாததும்தான். தனியாகப் பேருந்து ஏறி இன்னொரு ஊருக்குப் போய்வர எத்தனை பெண்களுக்கு வீட்டில் அனுமதி இருக்கிறது?

அதனால்தான் தோழியை நான் விட்டுவிடத் தயாராக இல்லை. ஆனால் அவள் சொல்ல வேண்டியது மாற வேண்டும். யார் அவன் என்பதை அவள் சொல்ல வேண்டாம். இவளுக்கு முடியவில்லை, நான் அழைத்துப் போகிறேன் என்று சொன்னால் போதும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி, வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நின்றிருந்தாள். பாட்டைப் பற்றிப் பேச வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “எத்தனை நாளாம்மா தூங்கல?” என்று கேட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் அவளும் மருத்துவமனைக்குப் போனோம். வீட்டில் அவளுடைய அம்மாவிடம் என்ன சொல்வது என்று திரும்பி வரும்போது பேருந்தில் பேசிக்கொண்டு வந்தோம்.